வெளி ஹார்ட் டிஸ்க்கின் கோப்பு முறைமை மாற்றம்: வடசென்னைப் பயன்பாட்டை முன்வைத்து

கோப்பு முறைமை என்பது ஒரு ஹார்ட் டிஸ்க் தன்னிடம் இருப்பவற்றுக்கு வைத்திருக்கும் கணக்கு. எந்தக் கோப்பு எங்கே தொடங்குகிறது, எத்தனை துண்டாகச் சிதறிக் கிடக்கிறது, அதன் பெயர் என்ன, எப்போது எழுதப்பட்டது, எந்த இடம் இன்னும் காலி என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். துறைமுகக் கிடங்கில் சரக்கும் சரக்குப் பதிவேடும் வேறு வேறாக இருப்பதுபோல டிஸ்க்கிலும் தரவும் கணக்கும் தனித்தனி. சரக்கை நகர்த்தாமல் பதிவேட்டை மட்டும் வேறு முறையில் திருத்தி எழுதலாம். அல்லது சரக்கு முழுவதையும் வெளியேற்றி, புதுப் பதிவேடு தொடங்கி, மறுபடி உள்ளே அடுக்கலாம். கோப்பு முறைமை மாற்றம் என்ற ஒரே பெயரில் இந்த இரண்டு வேலைகளும் வழங்குகின்றன. முதல் வழி மிகச் சில முறைமை இணைகளுக்கு மட்டுமே உண்டு. மற்ற எல்லாவற்றுக்கும் இரண்டாவதுதான். அதற்கு இன்னொரு டிஸ்க் வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் ஃபார்மட் பொத்தானை அழுத்துவதால்தான் கல்யாணப் படங்களும் குடும்ப ஆவணங்களும் அழிந்துபோகின்றன.

வடசென்னையில் ஒரே டிஸ்க் பல கருவிகளின் கையில் போய் வருகிறது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் ஸ்டுடியோக்களில் கல்யாணம், மஞ்சள் நீராட்டு, மாதா கோயில் தேர், வடிவுடையம்மன் கோயில் உற்சவம் எல்லாம் காணொளியாகச் சேர்கின்றன. கேமராவில் எடுத்தது ஒரு கணினியில் தொகுக்கப்பட்டு, வேறொரு கணினியில் ஆல்பமாகி, வாடிக்கையாளர் வீட்டு டிவியில் ஓட வேண்டும். கானா பாடல்களைப் பதிவு செய்யும் சிறிய ஒலிப்பதிவுக் கூடங்களில் ஒரு பாட்டுக்கே நூற்றுக்கணக்கான சிறு கோப்புகள் உருவாகின்றன. கண்டெய்னர் லாரி நிறுத்தங்களிலும் கிடங்குகளிலும் பட்டறைகளிலும் சிசிடிவிப் பதிவை எடுத்துத் தரும் தேவை அடிக்கடி வருகிறது. எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிவதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் பரவிய எண்ணெயையும் செல்போனிலும் டிரோனிலும் பதிவு செய்தவர்களுக்கு, அந்தக் கோப்புகள் பல ஆண்டுகள் கழித்தும் திறக்க வேண்டும். ஆகவே எந்தக் கோப்பு முறைமை சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. இந்த டிஸ்க்கை இனி எந்தெந்தக் கருவி படிக்க வேண்டும் என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது.

புழக்கத்தில் உள்ளவற்றில் மூத்தது ஃபேட் குடும்பம். 1977இல் மைக்ரோசாஃப்டில் தொடங்கிய அது, 1996இல் விண்டோஸ் 95இன் இரண்டாம் திருத்தப் பதிப்போடு ஃபேட் 32 ஆனது. இன்று எந்தக் கருவியில் சொருகினாலும் படிக்கப்படும் முறைமை அநேகமாக இது ஒன்றே. ஆனால் ஒரு கோப்பின் அளவு 4 ஜிபியைத் தொட முடியாது. துல்லியமாகச் சொன்னால் 4,294,967,295 பைட்டுகளே உச்சம். வினாடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் காணொளி ஏறக்குறைய 11 நிமிடங்களில் இந்த எல்லையை எட்டிவிடும். கேமராக்கள் கோப்பைத் துண்டு துண்டாக வெட்டிச் சமாளிக்கின்றன. தொகுத்து முடித்த இரண்டு மணி நேரக் கல்யாணப் படத்தை அப்படி வெட்ட முடியாது; 200 ஜிபி காலியாக இருக்கும் டிஸ்க்கிலும் இடம் போதவில்லை என்பதுபோன்ற செய்தி வருவது இதனால்தான்.

விண்டோஸின் ஃபார்மட் சாளரம் 32 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கை ஃபேட் 32 ஆக்க நீண்ட காலம் மறுத்தது. அது மென்பொருளில் வைத்த வரம்பே தவிர முறைமையின் வரம்பு அல்ல. வழக்கமான 512 பைட் செக்டர் கணக்கில் ஃபேட் 32 சுமார் 2 டிபி வரை போகும். கட்டளை வழியாக அந்த அளவு வரை அனுமதிக்கும் மாற்றம் 2024இல் விண்டோஸ் 11இன் சோதனைப் பதிப்பில் அறிவிக்கப்பட்டது.

1993இல் விண்டோஸ் என்டியோடு வந்த என்டிஎஃப்எஸ், கணக்கில் ஒவ்வொரு மாற்றத்தையும் செய்வதற்கு முன் குறித்துவைக்கும் ஜர்னல் கொண்டது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றாலோ ஒயர் பிடுங்கப்பட்டாலோ, அடுத்த முறை அந்தக் குறிப்பைக் கொண்டு கணக்கு சீராகிவிடும். பாதி எழுதிய கோப்பு போகலாம். டிஸ்க் முழுவதும் குழம்பாது. மின்தடைக்கும், தளர்ந்த யுஎஸ்பி முனைகளுக்கும் பழகிய கடைகளுக்கு இது சிறிய பாதுகாப்பு அல்ல. குறை வேறிடத்தில் இருக்கிறது. மேக் கணினி என்டிஎஃப்எஸ் டிஸ்க்கைப் படிக்கும். தனி மென்பொருள் இல்லாமல் அதில் எழுதாது.

எக்ஸ்ஃபேட் 2006இல் வந்தது. 2009இல் 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி அட்டைகளின் தர முறைமையாக ஏற்கப்பட்டதால், இன்று 64 ஜிபி அட்டை போடும் பெரும்பாலான கேமராக்களும் டிரோன்களும் இதைத்தான் எழுதுகின்றன. மேக் 2010 முதல் இதைப் படித்து எழுதுகிறது. மைக்ரோசாஃப்ட் 2019இல் இதன் வரையறையை வெளியிட்ட பிறகு லினக்ஸின் மையமான கெர்னலிலேயே இடம்பெற்றது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் எழுத முடிந்த, 4 ஜிபி தடையில்லாத முறைமை என்பதால் பலரும் யோசிக்காமல் இதையே பரிந்துரைக்கிறார்கள். அந்தப் பரிந்துரையில் இரண்டு விஷயங்கள் விடுபடுகின்றன. எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் இல்லை. ஃபேட் 32 தன் அட்டவணைக்கு இரண்டு பிரதி வைத்திருக்கும், எக்ஸ்ஃபேட் வழக்கமாக ஒன்றே வைத்திருக்கும். இன்னொன்று கிளஸ்டர் அளவு, அதாவது ஒரு கோப்புக்கு ஒதுக்கப்படும் மிகச் சிறிய இடத்தின் அளவு. 32 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கை விண்டோஸ் தானாக எக்ஸ்ஃபேட் ஆக்கும்போது 128 கேபி கிளஸ்டர் வைக்கிறது. 5 கேபி கோப்பும் அங்கே 128 கேபி இடத்தைப் பிடிக்கும். அப்படி ஒரு லட்சம் சிறு கோப்புகள் இருந்தால், 4 கேபி கிளஸ்டர் கொண்ட என்டிஎஃப்எஸில் 800 எம்பி அளவில் அடங்குவது, எக்ஸ்ஃபேட்டில் 12 ஜிபிக்கு மேல் விழுங்கும். பெரிய காணொளிகளை மட்டும் வைப்பவருக்கு இது பொருட்டல்ல. ஒலிப்பதிவுக் கூடத்தின் திட்டக் கோப்புறைகளுக்கும், ஸ்கேன் செய்த காகிதங்கள் நிறைந்த டிஸ்க்குக்கும் இது கவனிக்க வேண்டிய இழப்பு.

ஆப்பிளின் எச்எஃப்எஸ் பிளஸ் (1998), அதற்குப் பின்வந்த ஏபிஎஃப்எஸ் (2017) இரண்டையும் விண்டோஸ் தானாகப் படிப்பதில்லை. லினக்ஸின் எக்ஸ்ட் 4 (2008) விஷயமும் அதுவே. தமிழ்நாட்டில் இந்த எல்லையைப் பெருந்திரளான மாணவர்கள் சந்திக்க வாய்ப்பு ஏற்பட்டது 2011இல். அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்த கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. லினக்ஸ் பக்கத்திலிருந்து விண்டோஸ் கோப்புகளைப் பார்க்கலாம். விண்டோஸ் பக்கத்திலிருந்து லினக்ஸ் பகுதி கண்ணுக்கே தெரியாது. லினக்ஸில் எக்ஸ்ட் 4 ஆக ஃபார்மட் செய்த பென் டிரைவை பிரவுசிங் சென்டரிலோ ஜெராக்ஸ் கடையிலோ சொருகினால், பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும் என்று விண்டோஸ் கேட்கும். அந்தச் செய்தி டிஸ்க் கெட்டுவிட்டதாகச் சொல்லவில்லை. இந்தக் கணக்கு எனக்குப் படிக்கத் தெரியவில்லை என்பதே அதன் பொருள். சரி என்று அழுத்துவதற்கு முன் வேறொரு கணினியில் சொருகிப் பார்ப்பதுதான் முறை.

கருவிகளின் பக்கம் வந்தால், பழைய கார் ஸ்டீரியோக்களும் லாரி, ஷேர் ஆட்டோக்களில் பாட்டுப் போடும் மலிவு பிளேயர்களும் பெரும்பாலும் ஃபேட் 32 தவிர வேறொன்றும் அறியாதவை. சிசிடிவி டிவிஆர்கள் தமக்குள் இருக்கும் டிஸ்க்கைத் தயாரிப்பாளரின் சொந்த முறையில் எழுதுகின்றன. அதைக் கழற்றிக் கணினியில் போட்டால் ஒன்றும் தெரியாமல் போகலாம். பதிவை வெளியே எடுக்க யுஎஸ்பி வழியே போவதே சரி. பல டிவிஆர்கள் அதற்கும் ஃபேட் 32 பென் டிரைவையே கேட்கின்றன. டிவிகளில் என்டிஎஃப்எஸ் பரவலாக ஓடும். எக்ஸ்ஃபேட் பழைய டிவிகளில் சந்தேகமே. நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் வசதியுள்ள டிவியும் செட்டாப் பாக்ஸும் சொருகிய டிஸ்க்கை முழுதாக அழித்துத் தம் முறைமைக்கு மாற்றிக்கொள்ளக் கேட்பதுண்டு. அந்த வேலைக்குத் தனி டிஸ்க் வைப்பதே நல்லது.

தரவை நகர்த்தாமல் கணக்கை மட்டும் மாற்றும் வழிகளுக்கு வருவோம். விண்டோஸில் உள்ள கன்வர்ட் என்ற கட்டளை ஃபேட் 32ஐ என்டிஎஃப்எஸ் ஆக்கும். கோப்புகள் அப்படியே இருக்கும். இது ஒருவழிப் பாதை. திரும்பி வரக் கட்டளை இல்லை. எக்ஸ்ஃபேட்டை இந்தக் கட்டளை ஏற்காது. டிஸ்க்கில் கொஞ்சம் காலியிடம் வேண்டும், கணக்கில் பிழை இருந்தால் முதலில் சரிபார்ப்புக் கட்டளை ஓட்டிச் சரிசெய்ய வேண்டும். இப்படி மாற்றிய டிஸ்க், புதிதாக ஃபார்மட் செய்ததன் வேகத்தை எட்டாமலும் போகலாம். லினக்ஸில் எக்ஸ்ட் 2 மூன்றாகவும் மூன்று நான்காகவும் தரவு இழப்பின்றி உயரும். எக்ஸ்ட் 4ஐ பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு லினக்ஸ் முறைமையாக்கும் கருவி இன்னும் ஒரு படி மேலே போய், பழைய கணக்கின் பிரதியை உள்ளேயே பத்திரப்படுத்துகிறது. அந்தப் பிரதியை அழிக்காதவரை பழைய நிலைக்குத் திரும்பலாம். மேக்கின் டிஸ்க் யூடிலிட்டி எச்எஃப்எஸ் பிளஸை ஏபிஎஃப்எஸ் ஆக்கும்.

இந்த வகை மாற்றத்தின் மிகப் பெரிய நிகழ்வு 2017 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 10.3. உலகம் முழுவதும் இருந்த ஐஃபோன்கள் ஒரு சாதாரணப் புதுப்பிப்பின்போது, உரிமையாளர்களுக்குத் தெரியாமலே எச்எஃப்எஸ் பிளஸிலிருந்து ஏபிஎஃப்எஸுக்கு மாறின. அதற்கு முந்தைய புதுப்பிப்புகளிலேயே ஆப்பிள் மாற்றத்தை ஒத்திகை பார்த்து, சரிபார்த்து, பழைய கணக்குக்கே திரும்பவிட்டிருந்தது. இடத்திலேயே மாற்றுவது சாத்தியம்தான். ஆனால் அந்த அளவு ஒத்திகை வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். என்டிஎஃப்எஸிலிருந்து எக்ஸ்ஃபேட், எக்ஸ்ஃபேட்டிலிருந்து என்டிஎஃப்எஸ், ஏபிஎஃப்எஸிலிருந்து என்டிஎஃப்எஸ் என்று கடைகளில் அன்றாடம் கேட்கப்படும் மாற்றங்களுக்கு, இயங்குதளங்கள் தரும் நேரடி வழி ஏதும் இல்லை. எந்த வழியானாலும், நகல் ஒன்று வெளியே இல்லாமல் தொடங்குவது பொறுப்பற்ற செயல்.

எனவே பெரும்பாலோருக்கு வேலை என்பது நகலெடுத்தல், ஃபார்மட், திரும்ப எழுதுதல். தொடங்குமுன் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்க வேண்டும். டிஸ்க் தன் பழுதுகளைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தை இலவச மென்பொருள்கள் காட்டும். கெட்ட செக்டர்கள் பெருகியிருந்தால் அந்த டிஸ்க்கில் கோப்பு முறைமையை மாற்றுவது வீண். உள்ளதை எடுத்துக்கொண்டு ஓய்வு கொடுக்க வேண்டும். கடலோரக் காற்றின் உப்பும் ஈரமும் யுஎஸ்பி முனைகளை அரிக்கும். நகல் நடுவில் தொடர்பு விட்டுவிட்டு வந்தால் டிஸ்க்கைச் சந்தேகிக்கும் முன் ஒயரை மாற்றிப் பார்க்கலாம்.

நேரத்தைக் கணக்கிடுவது எளிது. 1 டிபி தரவு, வினாடிக்கு 100 எம்பி வேகத்தில் 2 மணி 47 நிமிடம் எடுக்கும். பழைய யுஎஸ்பி 2 துளையில் 30 எம்பி வேகமே கிடைத்தால் ஒன்பது மணி நேரத்தைத் தாண்டும். சிறு கோப்புகள் அதிகமானால் இன்னும் கூடும். போவதும் வருவதுமாக இரண்டு முறை நகல் என்பதால், மின்தடை நேரும் இடங்களில் மடிக்கணினியிலோ யுபிஎஸ் உள்ள கணினியிலோ செய்வதே உசிதம். தனி அடாப்டர் கேட்கும் 3.5 அங்குல டிஸ்க் என்றால் அந்த அடாப்டரும் யுபிஎஸில் இருக்க வேண்டும்.

நகல் முடிந்ததும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது குறைந்தபட்சச் சோதனை. முக்கியமான கோப்புகளுக்கு எஸ்எச்ஏ 256 போன்ற ஹேஷ் எண் எடுத்து ஒப்பிடலாம். ஒரு பைட் மாறினாலும் அந்த எண் மாறிவிடும். சில கோப்புகளைத் திறந்து, காணொளியின் கடைசி நிமிடம் ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அதன் பிறகே ஃபார்மட். விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு போட்ட டிஸ்க்கில் பூட்டு திறந்த நிலையில் நகலெடுக்க வேண்டும் என்பதும் மறக்கக் கூடாதது.

இரண்டாவது டிஸ்க் கிடைக்காதபோது, பாதிக்கும் குறைவாக நிறைந்த டிஸ்க்கில் ஒரு சுற்றுவழி உண்டு. இருக்கும் பார்ட்டிஷனைச் சுருக்கி, காலியான இடத்தில் புது முறைமையில் இன்னொரு பார்ட்டிஷன் அமைத்து, கோப்புகளை அங்கே மாற்றிவிட்டுப் பழையதை நீக்கலாம். வேலை நடக்கும், ஆனால் நகலும் மூலமும் ஒரே இயந்திரத்தில் இருப்பதால் அது விழுந்தால் இரண்டும் போகும். 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கில் பார்ட்டிஷன் அட்டவணையின் வகையும் சிக்கலாகச் சேர்ந்துகொள்கிறது. பழைய எம்பிஆர் அட்டவணை வழக்கமாக 2 டிபிக்கு மேல் காட்டாது. ஜிபிடி காட்டும், ஆனால் சில பழைய டிவிகளும் பிளேயர்களும் ஜிபிடியைப் படிக்காது. கோப்பு முறைமை சரியாக இருந்தும் டிவி டிஸ்க்கைக் கண்டுகொள்ளாததற்கு இது காரணமாக இருக்கலாம்.

தமிழில் பெயரிட்ட கோப்புகள் உள்ள டிஸ்க்குக்கு, பொதுவான வழிகாட்டிகள் பேசாத சிக்கல்கள் உண்டு. என்டிஎஃப்எஸும் எக்ஸ்ஃபேட்டும் ஒரு பெயருக்கு 255 குறிகள் அனுமதிக்கின்றன. எக்ஸ்ட் 4 அனுமதிப்பது 255 பைட்டுகள். யுடிஎஃப் 8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் வேண்டும்; உயிர்மெய்யில் மெய்க்கு ஒரு குறி, உயிர்க்குறிக்கு இன்னொன்று. திருவொற்றியூர் என்ற ஏழெழுத்துப் பெயரில் 14 குறிகள் இருக்கின்றன. என்டிஎஃப்எஸ் அதை 14 என்றும், எக்ஸ்ட் 4 அதை 42 என்றும் எண்ணும். மணமகன், மணமகள், மண்டபம், தேதி எல்லாம் சேர்த்து வைத்த நீண்ட பெயர் விண்டோஸில் இயல்பாக இருந்துவிட்டு, லினக்ஸ் டிஸ்க்குக்குப் போகும்போது பெயர் நீளம் என்று நிராகரிக்கப்படும். 85 குறிகளைத் தாண்டும் தமிழ்ப் பெயர்களை முன்பே சுருக்கிக்கொள்வதே பரிகாரம்.

இதைவிட மறைவானது ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளின் சிக்கல். யூனிகோடில் வொ என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: வகரத்தோடு ஒரே ஒகரக் குறி, அல்லது வகரத்தோடு கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றே. எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்த வடிவத்தில் சேமித்தது. விண்டோஸ், லினக்ஸ் விசைப்பலகைகள் வழக்கமாகத் தருவது சேர்ந்த வடிவம். என்டிஎஃப்எஸும் எக்ஸ்ட் 4உம் இவற்றை ஒன்றாகக் கருதுவதில்லை. பழைய மேக் டிஸ்க்கிலிருந்து லினக்ஸுக்கு நகலெடுத்த பிறகு, திருவொற்றியூர் என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதும், பெயரைத் தட்டச்சு செய்து தேடினால் ஒன்று மட்டும் அகப்படுவதும் இதனால்தான். எண்ணூர், ராயபுரம், காசிமேடு என்ற பெயர்களுக்கு இது நேராது. அவற்றில் ஒகர ஓகாரம் இல்லை. கொருக்குப்பேட்டை, கொசஸ்தலை, பொன்னேரி, கோயில் என்று வரும் எந்தப் பெயருக்கும் நேரலாம். ஏபிஎஃப்எஸ் தனக்குத் தரப்பட்ட வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ஒப்பிடும்போது இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறது. ஆர்சிங்க் என்ற நகல் கட்டளையில் பெயர்களின் குறியாக்கத்தை நகலின்போதே மாற்றும் விருப்பம் இருக்கிறது. தமிழ் ஆவணங்களைச் சேமிப்பவர் அதைப் பரிசீலிக்கலாம்.

லினக்ஸில் செல்லும் முக்காற்புள்ளி, கேள்விக்குறி முதலியவை விண்டோஸ் முறைமைகளின் பெயர்களில் செல்லாது. நேரத்தை முக்காற்புள்ளியிட்டு எழுதிய கோப்புகள் இதனால் நகலாகாமல் நிற்கும். மேக் வழியே எக்ஸ்ஃபேட்டில் எழுதினால் சில கோப்புகளுடன், புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் துணைக் கோப்பு ஒன்றும் சேரும். டிவியில் ஒரே பாட்டு இரண்டு முறை தெரிந்து, ஒன்று ஓடாமல் இருப்பது அதனால்தான், அந்தத் துணைக் கோப்பை அழித்துவிடலாம். என்டிஎஃப்எஸில் வைத்த அனுமதிகள் ஃபேட் வகைக்கு வரும்போது உதிர்ந்துவிடும். தேதி விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. நகலெடுத்த கோப்பின் உருவான தேதி பெரும்பாலும் நகலெடுத்த தேதியாகிவிடும். ஃபேட் 32 திருத்திய நேரத்தை இரண்டு வினாடி துல்லியத்தில், உள்ளூர் நேரமாகவே வைக்கிறது. புகைப்படத்துக்குள் கேமரா எழுதிய நேரம் மாறாது. ஆற்றில் சாம்பல் கலந்ததையோ எண்ணெய் பரவியதையோ சாட்சியமாக வைத்திருப்போர் மூல அட்டையை அழிக்காமல் தனியே பத்திரப்படுத்தி, நகல்களின் ஹேஷ் எண்களையும் எடுத்த நாளையும் ஒரு தாளில் குறித்துவைப்பது, பின்னாளில் கேள்வி எழுந்தால் கைகொடுக்கும்.

மலிவு விலையில் கிடைக்கும் பெருங்கொள்ளளவு டிஸ்க்குகளில் ஒரு மோசடி வகை உண்டு. 2 டிபி என்று காட்டும் கருவியில் உண்மையில் 64 ஜிபியே இருக்கும். நிறைந்ததும் புதியது பழையதன் மேல் எழுதப்படும் அல்லது காற்றில் போகும். எந்த முறைமையில் ஃபார்மட் செய்தாலும் இது தீராது. முழு இடத்தையும் எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவசக் கருவிகள் உண்மையைக் காட்டிவிடும். தரவைத் திருப்பி எழுதும் முன் இந்தச் சோதனைக்கு ஓர் இரவு ஒதுக்கலாம்.

தவறுதலாக ஃபார்மட் ஆகிவிட்டால் மீட்பு சாத்தியமா என்பது எந்த வகை ஃபார்மட் என்பதைப் பொறுத்தது. விரைவு ஃபார்மட் கணக்கை மட்டும் புதிதாக்கும். தரவு பெரும்பாலும் கிடக்கும். முழு ஃபார்மட், விண்டோஸ் விஸ்டா முதல், டிஸ்க் முழுவதும் சுழியம் எழுதுகிறது; அதற்குப் பின் எதுவும் மிஞ்சாது. வெளி எஸ்எஸ்டியில் விரைவு ஃபார்மட்டும், காலியான இடத்தைத் துடைக்கச் சொல்லும் ட்ரிம் கட்டளையை அனுப்பித் தரவை நிரந்தரமாக இழக்கச் செய்யலாம். சுழலும் டிஸ்க்கில் தவறு நடந்தவுடன் ஒரு கோப்பும் எழுதாமல் கழற்றிவைத்தால், டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருள் பழைய பார்ட்டிஷனைக் கண்டுபிடிக்கக்கூடும். அது இயலாதபோது ஃபோட்டோரெக் என்ற இன்னொரு மென்பொருள் கோப்புகளின் உள்ளடக்க அடையாளத்தைக் கொண்டு ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்கும். மீட்டவற்றை அதே டிஸ்க்கில் எழுதக் கூடாது. வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். ஃபோட்டோரெக் கோப்புகளின் பெயரையும் கோப்புறையையும் திரும்பத் தருவதில்லை. ஆயிரக்கணக்கான படங்கள் வெறும் எண்களாக வந்து சேரும்; அவற்றை வகைப்படுத்தத் துணைக்கு இருப்பது படத்துக்குள் கேமரா எழுதிய தேதி மட்டுமே.